எல்டன் ரிங்: மார்கிட்டிடம் தோற்று மூடி வைத்தவர்களுக்கு ஒரு மதிப்புரை

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. மண்டபத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் எனக்கு ஆண்டில் அந்த இரண்டு மாத இரவுகள் மட்டுமே சொந்தமானவை. படகுகள் கடலுக்குப் போகாவிட்டால் ஐஸ் ஏற்ற வரும் வண்டிகளும் நின்றுவிடும். எல்டன் ரிங் என்ற கற்பனையுலக ரோல் பிளேயிங் கேமை அப்படியொரு தடைக்காலத்தில்தான் வாங்கினேன். மார்கிட் என்ற எதிரியுடன் நடக்கும் அதன் முதல் பெரிய சண்டையில் நாற்பது முறைக்கு மேல் தோற்று, நான்காம் நாள் அதை மூடி அலமாரியில் வைத்தேன். மறு ஆண்டுத் தடைக்காலத்தில் எடுத்து, அதே சண்டைக்குத் திரும்பி, வென்று, பிறகு விளையாட்டின் இறுதிவரை சென்றேன். இதுவரை வாங்காதவர்களும் இந்த மதிப்புரையைப் படிக்கலாம். ஆனால் என்னைப் போல் வாங்கி, அடிபட்டு, மூடி வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. அந்த ஆண்டின் இறுதியில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. கதை நிகழும் நிலத்தின் தொன்மக் கதைக்கு அடித்தளம் எழுதித் தந்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், பிசி ஆகிய எல்லாவற்றிலும் கிடைக்கிறது. நான் விளையாடியது பழைய பிஎஸ்4 இயந்திரத்தில். அதில் காட்சியின் வேகம் எப்போதும் சீராக இருப்பதில்லை என்றாலும், சண்டை கெடும் அளவுக்கு இல்லை. பிசியில் விளையாட எண்ணுபவர்கள் குறைந்தது 12 ஜிபி ரேமும் 60 ஜிபி காலியிடமும் வேண்டும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டில் எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்துகொள்ளும் வசதி கிடையாது. எல்லோருக்கும் ஒரே எதிரி, ஒரே அடி. எதிரியைக் கொன்றால் ரூன் என்ற செல்வம் சேரும். அதைக் கொண்டுதான் லெவல், அதாவது நம் வீரனின் வலு, ஏற்ற வேண்டும், பொருள் வாங்க வேண்டும். செத்தால் கையிலிருக்கும் ரூன் முழுவதும் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அது நிரந்தரமாகப் போய்விடும். இந்த ஒரு விதிதான் புதியவரைப் பதற வைக்கிறது. விட்டுவந்த ரூனை எடுக்கும் ஆசையில் அதே வாசலுக்கு மீண்டும் மீண்டும் ஓடுகிறோம். நானும் அப்படித்தான் ஓடினேன், அதுவே என் முதல் தவறு. தொடக்கத்தில் கையிலிருக்கும் ரூன் அற்பமானது; அரைமணி நேரம் வேறு பக்கம் சுற்றினால் அதைப்போல் இரு மடங்கு சேர்ந்துவிடும்.

தொடக்க நிலமான லிம்கிரேவில் கண் விழித்து வெளியே வந்தவுடன், பொன்னிறக் கவசம் அணிந்து குதிரைமேல் உலாவும் ட்ரீ சென்டினல் எதிரில் தெரிகிறான். பெரும்பாலோர் அவனிடம் போய்ச் செத்து விழுகிறார்கள். அவனைச் சுற்றிக்கொண்டு போக இரு பக்கமும் புல்வெளி திறந்தே கிடக்கிறது. விளையாட்டு சொல்லித்தரும் முதல் பாடம் அதுதான். ஆனால் வாயால் சொல்லாது, அடிபட்டு உணர வைக்கும். எதிரில் நிற்பவனோடு இப்போதே மோத வேண்டும் என்ற கட்டாயம் இந்த உலகில் பெரும்பாலான இடங்களில் இல்லை என்பதை அங்கேயே புரிந்துகொண்டவர்கள் என்னைவிடச் சீக்கிரம் முன்னேறியிருப்பார்கள்.

மார்கிட் நிற்பது ஸ்டார்ம்வேல் கோட்டைக்குப் போகும் பாலத்தில். கந்தல் உடுத்த, கொம்பும் வாலும் உள்ள, நம்மைப்போல் இரு மடங்கு உயரமானவன். கையில் முறுக்கிய தடி. சண்டை தொடங்கியதும் அவன் தடியைத் தலைக்குமேல் ஓங்குகிறான். ஓங்கிய கணத்தில் நம் விரல் தானாகவே உருளும் பொத்தானை அழுத்துகிறது. இந்த விளையாட்டில் உருளும்போது மிகச் சிறிய நேரம் எந்த அடியும் படாது. தப்பிக்கும் வழியே அதுதான். ஆனால் மார்கிட் ஓங்கிய தடியை உடனே இறக்குவதில்லை. ஓங்கியபடி நிறுத்துகிறான். நாம் உருண்டு முடித்து எழும் நேரத்துக்குச் சரியாக இறக்குகிறான். பயந்து பின்வாங்கித் தூரத்தில் நின்று, இழந்த உயிரை மீட்கும் சிவப்புக் குடுவையை வாயில் வைத்தால், ஒளியால் ஆன கத்தியை வீசுகிறான். அவன் உயிர் பாதியை நெருங்கும்போது ஒளிச் சம்மட்டியை எடுத்துக்கொண்டு வானத்தில் தாவி நம் தலைமேல் இறங்குகிறான். அவசரப்படுபவனைத் தண்டிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட எதிரி இவன் என்பது எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் விளங்கியது.

விளங்க வைத்தவர் என் தாய்மாமா. அவர் நாட்டுப்படகுக்காரர், தடைக்காலம் அவருக்கு இல்லை. தென்கடலில் கச்சான் காற்று எழுந்து கடல் கொந்தளித்த ஒரு நாளில் தொழிலுக்குப் போகாமல் எங்கள் வீட்டில் அமர்ந்திருந்தார். கேம் விளையாடி அறியாதவர். நான் ஏழெட்டு முறை சாவதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, அவன் ஓங்குறப்ப நீ ஓடுற. அலை எந்திரிக்கிறப்ப வள்ளத்தத் தள்ளுனா கவுத்துப்புடும்ல. அது மடிஞ்சு விழட்டும், அப்பறம் தள்ளு" என்றார். "அப்ப எப்ப உருளணும் மாமா?" என்று கேட்டேன். "கையப் பாக்காத, தோளப் பாரு. தோளு அசையுறப்பதான் அடி வரும்" என்றார்.

தனுஷ்கோடிக்குத் தெற்கே அலை அடிக்கும் கரையிலிருந்து வள்ளம் இறக்குபவரின் கண்ணுக்கு அது உடனே பட்டிருக்கிறது. அன்றிரவு நான் வாளையே வீசவில்லை. கேடயத்தையும் இறக்கிவிட்டு, அடிக்காமல், மார்கிட்டின் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உயிரோடிருக்க முடிகிறது என்று முயன்றேன். முதலில் சில நொடிகள். பிறகு ஒரு நிமிடம். கடைசியில் மூன்று நிமிடம் வரை குடுவை குடிக்காமல் நின்றேன். அப்போது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, அவனை விட்டு விலகி உருள்வதைவிட அவன் கைக்கு அடியில், அவனை நோக்கி உருண்டால் தடி நமக்குப் பின்னால் விழுகிறது. மற்றொன்று, அவனுடைய அடிகள் முடிவில்லாதவை அல்ல. மூன்று அல்லது நான்கு வீச்சுக்குப் பிறகு மூச்சு வாங்குவதுபோல் ஓர் இடைவெளி விடுகிறான். அந்த இடைவெளியில் ஒரே ஓர் அடி. இரண்டாவது அடிக்கு ஆசைப்பட்டால் சாவு. எந்த பாஸ், அதாவது பெரிய எதிரி, ஆனாலும் இந்தப் பயிற்சியை நான் இன்றுவரை செய்கிறேன். சண்டையைக் கற்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை.

இருந்தும், கற்றது மட்டும் போதாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இணையத்தில் சிலர் திறமை ஒன்றே வழி என்றும், வேறு சிலர் லெவல் ஏற்றினால் எல்லாம் தீரும் என்றும் எழுதுகிறார்கள். எதிரியின் நடையை எவ்வளவு கற்றாலும் இரண்டு அடியில் சாகும் உடலோடு நின்றால் கற்றதைப் பயன்படுத்த நேரம் கிடைக்காது. அதேபோல் லெவலை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தால் மார்கிட் விழுவான். அடுத்த எதிரியிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நான் இரண்டாம் ஆண்டில் செய்தது, ஒரு வாரம் மார்கிட்டை மறந்துவிட்டுத் தெற்கே போனது.

லிம்கிரேவுக்குத் தெற்கே பாலம் தாண்டி வீப்பிங் பெனின்சுலா என்ற தீபகற்பம் இருக்கிறது. பாலத்தைக் கடந்துதான் ஊருக்குப் போகவேண்டும் என்ற நிலை பாம்பன்காரனுக்குப் பழக்கமானது. ஆனால் அங்கே இடைவிடாது மழை பெய்துகொண்டிருப்பதைத் தண்ணீருக்குக் குடம் தூக்கிய மாவட்டத்திலிருந்து பார்ப்பது தனி அனுபவம். அந்த நிலத்தில் மூன்று பாழடைந்த தேவாலயங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சேக்ரட் டியர் ஒன்று கிடைக்கும். அது ஒவ்வொரு குடுவையும் மீட்டுத்தரும் உயிரின் அளவைக் கூட்டும். வழியெங்கும் பொன்னாக ஒளிரும் சிறு மரக்கன்றுகளின் அடியில் கோல்டன் சீட் கிடைக்கும். அது குடுவைகளின் எண்ணிக்கையைக் கூட்டும். தொடக்கத்தில் நான்காக இருக்கும் குடுவை கடைசியில் 14 வரை உயரும். இவை இரண்டையும் தேடாமல் பாஸ் வாசலில் முட்டிக்கொண்டிருப்பவர் வெறுங்கையோடு சண்டை போடுகிறார்.

லெவலைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: முதலில் விகர். அதாவது உயிர். எட்டுப் பண்புகளில் புதியவர்கள் அடியின் வலுவைக் கூட்டும் பண்புகளைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள். அடியின் வலு பெரும்பாலும் ஆயுதத்தை மெருகேற்றுவதிலிருந்துதான் வருகிறது; லிம்கிரேவின் சுரங்கத்தில் ஸ்மிதிங் ஸ்டோன் என்ற மெருகேற்றும் கல்லைப் பொறுக்கி, எல்லே தேவாலயத்தில் உள்ள பட்டறையிலேயே ஆயுதத்தை மூன்று படி உயர்த்தலாம். ஆகவே ரூனை உயிருக்குக் கொடுங்கள். நான் 15 விகருடன் தொடங்கும் வாகபாண்ட் என்ற வீரர் வகையை எடுத்து, 25 ஆக்கிய பிறகுதான் மார்கிட்டிடம் திரும்பினேன். பின்னர் 40 வரை தயங்காமல் ஏற்றினேன். 40-க்கு மேல் ஏற ஏறப் பலன் மெல்லக் குறைகிறது, 60-க்கு மேல் வீண்.

எடையையும் கவனியுங்கள். சுமக்கக்கூடிய எடையில் 70 விழுக்காட்டைத் தாண்டினால் உருளுதல் கனத்துப் போகும். உடல் தொப்பென்று விழுந்து மெல்ல எழும். நல்ல கவசம் கிடைத்த மகிழ்ச்சியில் அதை மாட்டிக்கொண்டு, ஏன் திடீரென்று எல்லா அடியும் படுகிறது என்று குழம்பியவர்களை எனக்குத் தெரியும். கவசத்தைவிட உருளுதல் பெரிது.

கேடயம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அடியைக் கேடயத்தில் தாங்கிய உடனே பலத்த அடிக்கான பொத்தானை அழுத்தினால் கார்ட் கவுன்டர் என்ற திருப்பியடி விழும். தாவி அடிப்பதும் இதுவும் எதிரியின் நிலைப்பை வேகமாகக் குலைக்கும். குலைந்து மண்டியிடும் நேரத்தில் முன்னால் சென்று குத்தினால் பெரிய சேதம். உருளுவதில் கை வராதவர்கள் இதைக் கற்றாலே லிம்கிரேவின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.

துணைக்கு வரும் ஓநாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டோரண்ட் என்ற குதிரை கிடைத்த பிறகு இரவில் எல்லே தேவாலயத்துக்குப் போனால், ரென்னா என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெண் அமர்ந்திருப்பாள். அவள் ஒரு மணியையும் மூன்று ஓநாய்களின் சாம்பலையும் தருவாள். மணியை அடித்தால் ஓநாய்கள் நம் பக்கம் நின்று போரிடும். முதல் ஆண்டில் நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. மார்கிட்டின் வாசலருகே தரையில் பொன்னிற எழுத்து ஒன்றும் இருக்கும். தொட்டால் ரோஜியர் என்ற மந்திரவாதி துணைக்கு வருவான். மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்பவனிடம் 5,000 ரூன் கொடுத்தால் மார்கிட்டைச் சிறிது நேரம் தரையோடு பிணைக்கும் விலங்கு கிடைக்கும். இவற்றைப் பயன்படுத்தி வெல்வது வெற்றியாகாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. மணியும் எழுத்தும் விலங்கும் விளையாட்டை உருவாக்கியவர்களே வழியில் வைத்தவை. தேடிக் கண்டவருக்கு அவை உரிமை. ஓநாய்கள் மார்கிட்டின் கவனத்தைத் திருப்பும் அந்தச் சில நொடிகளில்தான் நான் முதன்முதலாக அவன் முதுகைப் பார்த்தேன்.

இன்னும் வெல்ல முடியவில்லை என்றால், கோட்டையைச் சுற்றிக்கொண்டு போகும் மலையோரப் பாதை ஒன்று உண்டு. மார்கிட்டைத் தொடாமலே அடுத்த நிலமான லியூர்னியாவுக்குப் போய்விடலாம். அங்கே வலுவேற்றிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

கருவிகளும் காரணமாக இருக்கலாம் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். இராமநாதபுரத்தில் ஒரு கடையில் வாங்கிய பழைய கன்ட்ரோலரில் இடது குச்சி தானாகவே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பாலத்தின் விளிம்பில் மார்கிட்டோடு சண்டையிடும்போது நான் இரண்டு முறை பள்ளத்தில் விழுந்தது அதனால்தான். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இத்தகைய கருவிகளைத் திறந்த அலமாரியில் வைக்காமல் மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. அதைவிட முக்கியம் டிவி. பல டிவிகளில் படத்தை மெருகேற்றும் வேலை நடப்பதால், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் உருவம் அசைவதற்கும் இடையே சிறு தாமதம் இருக்கும். சினிமா பார்க்கும்போது தெரியாது; இந்த விளையாட்டில் அந்தத் தாமதமே உயிரை வாங்கும். டிவியின் அமைப்பில் கேம் மோட் என்று இருந்தால் போட்டுவிடுங்கள். போட்ட அன்று எனக்குப் புதிய கை கிடைத்ததுபோல் இருந்தது.

சண்டையை நடுவில் நிறுத்தி வைக்கும் பொத்தான் இல்லை. அம்மா அழைத்தாலும் மார்கிட் காத்திருக்க மாட்டான். மின்சாரம் போனால் மட்டும் பெரிய இழப்பில்லை. விளையாட்டு தானாகவே அடிக்கடி சேமித்துக்கொள்கிறது, என் அனுபவத்தில் திரும்பி வரும்போது சண்டைக்களத்தின் வாசலை மூடிய பனித்திரைக்கு வெளியே நிற்போம்.

மார்கிட்டை நான் வென்ற இரவில் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. மூன்று குடுவை மிச்சமிருந்தது. அவன் ஓங்கினான், நான் காத்திருந்தேன், தோள் அசைந்தது, உள்ளே உருண்டு ஒரே ஓர் அடி. 12,000 ரூன் வந்து சேர்ந்தது. விரல்கள் நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். முந்தைய ஆண்டில் வென்றிருந்தால் நிச்சயம் நடுங்கியிருக்கும்.

அதன் பிறகு வரும் சண்டைகளில் என் மனத்துக்கு நெருக்கமானது கேலிட் நிலத்தில் ராடானுடன் நடப்பது. மெலிந்த சிறு குதிரைமேல் அமர்ந்த மாபெரும் வீரன் அவன். மணல்வெளியின் மறுகோடியிலிருந்தே அம்பெய்து கொல்வான். அந்தச் சண்டைக்கு விழா என்றே பெயர். களமெங்கும் பொன்னெழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. ஓடி ஓடித் தொட்டால் பிளெய்ட், அலெக்சாண்டர் என்று ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். விழுந்தவரின் எழுத்து சிறிது நேரத்தில் மீண்டும் தோன்றும், மறுபடி அழைக்கலாம். நீங்கள் தனியாக வாள் சுழற்ற வேண்டியதில்லை. குதிரையில் வட்டமடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டே இருந்தால் போதும். கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கை குறையக் குறைய ஆள் கூப்பிடுவதுபோலத்தான். அந்தச் சண்டையைத் தனியாக முடித்தேன் என்று பெருமைப்படுபவர்கள் அதன் அழகைத் தவறவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

குறைகள் உண்டு. பெரிய உருவமுள்ள எதிரியின் மேல் பார்வையைப் பூட்டி அருகில் நின்றால் கேமரா அவன் வயிற்றைத்தான் காட்டும். தோளைப் பாருங்கள் என்ற அறிவுரை அங்கே பயனற்றுப் போகும், பூட்டை எடுத்துவிட்டே சண்டையிட வேண்டும். முதல் பாதியில் சந்தித்த எதிரிகளே பிற்பாதியில் வேறு குகைகளில் இருவராக வருவது சலிப்பூட்டுகிறது. மலேனியா என்ற எதிரியின் ஒவ்வொரு அடியும், கேடயத்தில் தாங்கினாலும்கூட, அவளுக்கே உயிரைத் திருப்பித் தருகிறது. கேடயத்தை நம்பி வளர்ந்தவரை இவ்வளவு தூரம் கூட்டிவந்து அங்கே கைவிடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. நல்லவேளையாக அவளைத் தொடாமலே கதையை முடிக்கலாம். எழுத்துகள் பொடியாக இருப்பதும், எந்த இந்திய மொழியும் இல்லாததும் மற்ற குறைகள். ஆங்கிலம் திணறும் என் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஆயுத விவரங்களை நான் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

2024 ஜூன் 21 அன்று வெளியான ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற விரிவாக்கத்தைத் தனியாக வாங்க வேண்டும். ராடானையும் மோக் என்ற எதிரியையும் வென்ற பிறகே உள்ளே நுழைய முடியும். அங்கே பழைய லெவல் மட்டும் போதாது. ஸ்கேடுட்ரீ துண்டுகளைத் தேடிச் சேர்த்தால்தான் அந்த நிலத்தில் அடியும் தாங்கும் வலுவும் கூடும். அப்படி 20 படிகள் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் நேராக ஷேடோ கீப் கோட்டைக்குப் போய் மெஸ்மர் என்ற எதிரியின் முன் நின்றேன், பழைய வழக்கப்படி. ஒன்பது முறை தோற்றதும் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். தெற்குக் கோடியில் செருலியன் கோஸ்ட் என்ற நீலக் கடற்கரை இன்னும் நான் கால்வைக்காமல் கிடந்தது. அன்று ஜூன் 13. மறுநாள் இரவோடு தடைக்காலம் முடிந்து வேலைக்குப் போயாக வேண்டும். மெஸ்மரை அப்படியே விட்டுவிட்டு, டோரண்டின் மேல் ஏறித் தெற்கே இறங்கி, அந்தக் கரையில் இருந்த கிரேஸ் என்ற ஓய்விடத்தில் அமர்ந்து சேமித்து வைத்திருக்கிறேன். ஏப்ரலில் அங்கிருந்து தொடங்குவேன்.